நாய்க்குட்டி கேட்ட நண்பனுக்கு

மன்னார்குடி,
ஐப்பசி மாதம்.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. சென்னை வாசத்தை முடித்துக்கொண்டு, நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் உன் அப்பா காலத்து வீட்டுக்கே தை மாதம் குடிவரப் போகிறாய் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. இங்கே நடவு முடிந்து சம்பாப் பயிர் பச்சை பிடித்துவிட்டது. மழையும் இதுவரை அளவோடுதான் பெய்கிறது. வீட்டில் எல்லோரும் நலம். மற்ற செய்திகளை நேரில் பேசிக்கொள்வோம். வந்ததும் ஒரு நாய் வளர்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். பேரன் ஹஸ்கிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறான் என்கிறாய். மாப்பிள்ளை தம்முடைய லேப்ரடார் பெட்டையை இணை சேர்த்து அதில் ஒரு குட்டியை உனக்குத் தருவதாகச் சொல்கிறார் என்றும் எழுதியிருக்கிறாய். இந்த மாவட்டத்திலேயே கால்நடை மருத்துவனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், நீ முடிவெடுக்கும் முன் என் மனத்தில் இருப்பதை முழுவதுமாகச் சொல்லிவிட விரும்புகிறேன்.

ஹஸ்கி வேண்டாம். சைபீரியாவில் சுக்சி மக்கள் பனியில் வண்டி இழுப்பதற்காக வளர்த்தெடுத்த இனம் அது; மேலே நீண்ட முடியும் அதன் அடியில் அடர்ந்த மென்முடியுமாக இரண்டு அடுக்குப் போர்வையோடு பிறக்கிறது. மனிதனுக்கு வியர்ப்பது போல நாய்க்கு உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும்போது வாயிலும் மூக்கிலும் உள்ள ஈரம் ஆவியாகிறது. உடற்சூட்டைத் தணித்துக்கொள்ள அதற்குள்ள பெரிய வழி அதுதான். சுற்றிலும் வாய்க்காலும் வயலுமாக இருக்கும் நம் பக்கத்தில், வெயில் கொளுத்தும் நாளிலும் காற்றில் ஈரம் இருந்துகொண்டே இருப்பதால், அந்த ஆவியாதல் மந்தப்பட்டுவிடுகிறது. வெயிலைவிடப் புழுக்கம்தான் நாயை அதிகம் வதைக்கிறது என்பதைச் சித்திரை, வைகாசி மாதங்களில் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு வரப்படும் நாய்களைப் பார்த்தால் தெரியும். பக், பிரெஞ்சு புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களின் நிலை இன்னும் மோசம். முகத்தைத் தட்டையாக்கத் தட்டையாக்க மூச்சுப் பாதையும் குறுகிப் போனதால், சாதாரண நாளிலேயே அவை திணறிக்கொண்டுதான் சுவாசிக்கின்றன. பிரெஞ்சு புல்டாக் போன்றவற்றில் குட்டியின் தலை பெரிதாகவும் தாயின் இடுப்பெலும்பு குறுகலாகவும் இருப்பதால், பெரும்பாலான பிரசவங்கள் அறுவை சிகிச்சையில்தான் முடிகின்றன. 2024-இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று பட்டியலிடப்பட்ட அயல் இனங்களில் ஹஸ்கியும் பக்கும் இருந்தன. பேரனிடம் இதையெல்லாம் பொறுமையாக எடுத்துச் சொல். அந்த நாய்க்கு இங்கே என்ன நேரும் என்று தெரிந்தால், குழந்தை மனம் தானாகவே இறங்கிவரும்.

நாட்டு இனங்களில் எது என்று கேட்டிருந்தாய். நம் மண்ணின் நாய் என்ற பெருமை எனக்கும் உண்டு. 2005-இல் இராஜபாளையம் நாய்க்கு அஞ்சல் தலை வெளியிட்டார்கள். இராஜபாளையமும் சிப்பிப்பாறையும், கர்நாடகத்து முதோலும் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபியல் வளப் பணியகத்தில் முறையான இனங்களாகப் பதிவாகிவிட்டன. ஆனால் நாட்டு இனம் என்பதால் மட்டுமே அது உன் வீட்டுக்குப் பொருந்திவிடாது. சிப்பிப்பாறை தெற்கத்திக் கரிசல் காட்டில் முயலை விரட்டுவதற்காக உருவானது. அதன் கண்ணில் ஓடும் பொருள் பட்டால் கால் நிற்காது. உன் வீட்டைச் சுற்றி ஆடும் கோழியும் இருக்கின்றன. அறுவடை முடிந்த வயலில் வாத்துக் கூட்டம் வந்து மேயும். அவிழ்த்துவிட்டால் பக்கத்து வீட்டாரோடு வம்பு, கட்டிப்போட்டால் நாய்க்குச் சித்திரவதை. இராஜபாளையம் ஒரு குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டு, புதியவரை எளிதில் ஏற்காத நாய். நாற்று முடி தூக்க ஒருவர், மோட்டார் பார்க்க ஒருவர் என்று ஆட்கள் வந்துபோய்க்கொண்டே இருக்கும் வீட்டில் அதை வைத்துச் சமாளிக்க, நாயோடு தினமும் பழக நேரமும் உடம்பில் வலுவும் உள்ள ஒருவர் வேண்டும். தங்கைக்கு முழங்கால் வலி என்று எழுதியிருக்கிறாய். திமிறும் நாயின் சங்கிலியை அவர் பிடிக்க வேண்டிய நிலை வரக் கூடாது. கோம்பை நாயைப் பற்றியும் இதையேதான் சொல்வேன்.

இன்னொரு செய்தியும் உண்டு. இராஜபாளையம் என்றால் தூய வெள்ளையும் இளஞ்சிவப்பு மூக்கும் என்று வாங்குகிறவர்கள் கேட்பதால், வெள்ளையையும் வெள்ளையையுமே இணை சேர்த்துக்கொண்டு போகிறார்கள். காதின் உட்பகுதியில் நிறமி உயிரணுக்கள் இல்லாமற்போனால் கேட்கும் திறன் வளராது. அதனால்தான் முழு வெள்ளைக் குட்டிகளில் சில செவிடாகப் பிறக்கின்றன. அப்படிப்பட்ட குட்டியை இணை சேர்க்காமல் விலக்கி, காது கேட்கும் பெற்றோரை மட்டும் தேர்ந்தெடுப்பவர்தான் பொறுப்பான வளர்ப்பாளர். சிப்பிப்பாறையிலும் கன்னி என்ற நாட்டு வேட்டை நாய் இனத்திலும் சிக்கல் வேறு விதமானது. பந்தயத்தில் வென்ற ஒரு கடுவனுக்கே, அதாவது ஆண் நாய்க்கே, ஊர்ப் பெட்டைகளையெல்லாம் சேர்த்துவிடுவார்கள். அடுத்த தலைமுறையில் அண்ணனும் தங்கையும், தகப்பனும் மகளும் சேர வேண்டியதாகிவிடும். உடன்பிறந்த இரண்டை இணை சேர்த்தால், பிறக்கும் குட்டியின் மரபணுக்களில் ஏறக்குறைய கால் பங்கு, இரு பக்கமும் ஒரே மூதாதையிடமிருந்து வந்த ஒரே பிரதியாக அமைந்துவிட வாய்ப்புண்டு. பெற்றோரிடம் மறைந்து கிடந்த குறைகள் குட்டியிடம் வெளிப்பட்டுவிடுவது இதனால்தான். இனம் காக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே இனத்தின் வேரைப் பலவீனமாக்கும் செயல் இது. என் பணிக்காலத்தில் நான் கண்ட வருத்தமான காட்சிகளில் இதை முதலில் வைப்பேன்.

இனி மாப்பிள்ளையின் லேப்ரடார். ஒரு ஈற்றாவது போட்டால்தான் பெட்டைக்கு உடம்பு நன்றாக இருக்கும் என்று அவர் நம்புவதாக எழுதியிருக்கிறாய். நம் ஊரில் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அதற்கு மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. குட்டி போடாததால் ஒரு பெட்டைக்கு எந்த நோயும் வருவதில்லை. கருத்தடை செய்யாமல் விட்ட பெட்டைக்கு வயதாக ஆகக் கருப்பையில் சீழ் பிடிப்பதும், மடிக்கட்டிகள் வருவதும்தான் உண்மையான ஆபத்துகள். நல்ல குணமுள்ள நாய், அதன் வழி வர வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தால், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாம் விதைநெல்லுக்குக் கதிர் பொறுக்கும்போது வயலில் நிற்கும் பயிரை எவ்வளவு கவனமாகப் பார்ப்போமோ, அந்தக் கவனம் இதிலும் வேண்டும். லேப்ரடாருக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரும். அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நாய்க்கு இரண்டு வயது முடிந்த பிறகு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும். பார்வை மெல்ல மங்கிப்போகும் விழித்திரை நோய் ஒன்றும் அந்த இனத்தில் உண்டு. அதைச் சுமக்கும் நாய் வெளிப்பார்வைக்கு முழு நலத்தோடு இருக்கும். அதைக் கண்டறிய மரபணுப் பரிசோதனை இருக்கிறது. கடுவன், பெட்டை இரண்டுக்கும் புரூசெல்லா நோய் இல்லை என்று இரத்தப் பரிசோதனையில் உறுதி செய்த பிறகே சேர்க்க வேண்டும். பக்கத்துத் தெருவில் ஒரு கடுவன் இருக்கிறது என்பது இணை சேர்ப்பதற்குப் போதிய காரணம் ஆகாது.

குட்டிகளின் கணக்கையும் அவர் பார்க்க வேண்டும். சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். லேப்ரடார் ஏழெட்டுக் குட்டி போடுவது சாதாரணம். குட்டி வெளியே வராமல் தாய் முக்கிக்கொண்டே இருந்தால் நள்ளிரவானாலும் மருத்துவரிடம் கொண்டு ஓட வேண்டும். அறுவை சிகிச்சைக்கும் தயாராக இருக்க வேண்டும். பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்தே குடற்புழு நீக்கம் தொடங்க வேண்டும். ஆறாவது வாரத்துக்கு மேல் பார்வோவுக்கும் மற்ற நோய்களுக்குமான தடுப்பூசி, மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. இத்தனைக்கும் மேலாக, அந்த ஏழெட்டையும் யாருக்குக் கொடுப்பது என்பது பெட்டை சினையாகும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். இனாமாகக் கிடைக்கிறது என்று வாங்கிப் போகிறவர்களில் பலர், நாய் வளர்ந்து சோறு கேட்கத் தொடங்கியதும் ஆற்றுப் பாலத்துக்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். லேப்ரடார் சாப்பாட்டில் அடங்காத நாய் வேறு. அவற்றில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் பசி அடங்கியதை உணர்த்தும் மரபணுவில் ஒரு துண்டு இல்லாமல் இருப்பதை 2016-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அளந்து போட்டு, தினமும் நடக்க வைக்காவிட்டால் உடம்பு பெருத்து, அந்த இடுப்பு மூட்டே முதலில் கெடும். இத்தனைக்கும் மாப்பிள்ளை ஆயத்தமாக இருந்தால் செய்யட்டும். இவற்றில் ஒன்றுக்காவது ஆயத்தம் இல்லை என்றால் கருத்தடை செய்துவிடுவதுதான் அந்த நாய்க்கு அவர் செய்யும் நன்மை. இதை நான் சொன்னதாகவே சொல்; கோபித்துக்கொள்ள மாட்டார்.

வெளியில் விலைக்கு வாங்குவதாக இருந்தால், சட்டம் சொல்வதையும் தெரிந்துகொள். விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 2017-இல் வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி, வளர்ப்பாளர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. பதினெட்டு மாதம் ஆகாத பெட்டையை இணை சேர்க்கக் கூடாது. அந்த எட்டு வாரத்துக்குக் காரணம் இருக்கிறது. கடிக்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தவும், மற்ற நாய்களோடு பழகவும் குட்டி கற்றுக்கொள்வது தாயிடமும் உடன்பிறந்தவற்றிடமும்தான். முப்பதாம் நாளே கூடையில் வைத்துச் சந்தையில் விற்கப்படும் குட்டிகள், பின்னாளில் பயந்தும் கடித்தும் திரிவதற்கு இது ஒரு பெரிய காரணம். நாய்களின் வம்சாவளியைப் பதிவு செய்யும் கென்னல் கிளப்பின் சான்றிதழைக் காட்டினால், அது வம்சாவளிக்குத்தான் சான்று, உடல்நலத்துக்கு அல்ல என்பதை நினைவில் வை. குட்டியைக் கொஞ்சுவதற்கு முன் தாய் எங்கே என்று கேள். தாய் உன்னைக் கண்டு ஒடுங்கினாலும், காரணமில்லாமல் சீறினாலும், அல்லது விற்பவர் தாயைக் காட்டவே தயங்கினாலும் திரும்பி வந்துவிடு. நல்ல வளர்ப்பாளர் உன்னையும் கேள்வி கேட்பார். வீடு எப்படி, பகலில் யார் இருப்பார்கள், வளர்க்க முடியாமல் போனால் நாயை என்னிடமே கொண்டுவந்து விடுவாயா என்று கேட்பார். அப்படிக் கேட்பவரிடம் வாங்கலாம்.

என்னிடம் உள்ள கன்னி இனப் பெட்டையை உனக்கு நினைவிருக்கும். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவள். போன தை மாதம் அவள் குட்டி போட்டாள். உறவுமுறை இல்லாத கடுவனைத் தேடியே நெடுநாள் காத்திருந்தேன். குட்டிகளை வாங்கியவர்களிடம், வைத்துக்கொள்ள முடியாவிட்டால் எனக்கே திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டேன். அவர்களில் ஒரு குடும்பம் திருப்பூருக்கு வேலைக்குப் போக நேர்ந்தபோது நாயைத் தெருவில் விடாமல் என்னிடமே கொண்டுவந்து சேர்த்தார்கள். அது இப்போது திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் நன்றாக இருக்கிறது. தாய்க்கு இனி ஈற்று வேண்டாம் என்று கருத்தடை செய்துவிட்டேன்.

உனக்கு என் யோசனை இதுதான். உன் தெருவிலேயே ஐயனார் கோயிலை ஒட்டி ஒரு செவலை நாட்டுப் பெட்டை இருக்கிறது. தெருப் பிள்ளைகளே அதற்குச் சோறு வைக்கிறார்கள். அது தெரிந்தவரைக் கடித்ததில்லை, தெரியாதவரைக் குரைக்காமல் விட்டதில்லை. ஆட்டுக்குட்டிகளோடு படுத்துக்கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன். அது இப்போது சினையாக இருக்கிறது. அதில் ஒரு பெண் குட்டியை எடுத்துக்கொள். இந்த மண்ணின் வெயிலுக்கும் சேற்றுக்கும் தலைமுறை தலைமுறையாக ஈடுகொடுத்து வந்த உடம்பு அது. உனக்கு வேண்டிய காவலுக்கு அது போதும். குட்டியை அடைமழைக் காலத்தில் எடுக்காதே. வயலில் எலியும் தேங்கிய தண்ணீரும் இருக்கும்வரை எலிக்காய்ச்சல் பயம் உண்டு. அது நாயிடமிருந்து நமக்கும் வரும். தாயிடம் எட்டு வாரம் பால் குடித்து வளரட்டும். நீ குடிவரும் நேரமும் அதற்குச் சரியாக இருக்கும். தடுப்பூசிகளுக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு நானே உன்னோடு வருகிறேன். உண்ணி மருந்தை மட்டும் மாதந்தோறும் தவறாமல் பார்த்துக்கொள். நம் பக்கத்தில் நாய்களைக் கொல்லும் காய்ச்சல்களில் உண்ணியால் வருபவை அதிகம். மற்ற குட்டிகளுக்கு வீடு தேடும் வேலையை நானும் தெருப் பிள்ளைகளும் பார்த்துக்கொள்கிறோம். குட்டிகள் பால் மறந்ததும் தாய்க்குக் கருத்தடை செய்ய ஏற்பாடு செய்திருக்கிறேன்.

மாப்பிள்ளையின் நாய்க்கு இப்போது என்ன வயது என்பதையும், எக்ஸ்ரே எடுக்க அவருக்குச் சம்மதமா என்பதையும் கேட்டு எழுது. சம்மதம் என்றால் அதை எங்கே எடுக்கலாம், யாரிடம் காட்டலாம் என்று உடனே விசாரித்துச் சொல்கிறேன். தங்கையையும் பேரனையும் விசாரித்ததாகச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்.