குடியுரிமைச் சட்டத்தின் ஆறாம் பிரிவில் இன்னும் ஓர் இடம்: நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 2025 மார்ச் மாத இறுதியில் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்ட முன்வரைவு மக்களவையில் விவாதிக்கப்பட்டபோது, இந்தியா தர்மசத்திரம் அல்ல என்று உள்துறை அமைச்சர் கூறினார். அடுத்து வந்த மே மாதத்தில், இலங்கைத் தமிழர் ஒருவரின் மனுவை விசாரித்த உச்ச நீதிமன்றமும் அதே கருத்தைச் சொன்னது. யார் உள்ளே வரலாம், யார் தங்கலாம் என்பதை முடிவு செய்யும் உரிமை இறையாண்மை உள்ள நாட்டுக்கு உண்டு என்பதில் எனக்கு மறுப்பில்லை. அந்த உரிமை எவ்வாறு உருவாயிற்று என்பதையும், தமிழ்நாட்டின் மறுவாழ்வு முகாம்களில் தலைமுறைகளாகக் குடியுரிமையின்றி வாழும் மலையகத் தமிழர் (இலங்கைத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளரின் வழிவந்தோர்) விஷயத்தில் நம் நாடு அதைப் பயன்படுத்தாமலே விட்டிருப்பதையும் தங்கள் பார்வைக்குக் கொண்டுவரவே இம்மடலை எழுதுகிறேன்.

குடியேற்றத்தைத் தடுப்பது இறையாண்மையின் இயல்பான கூறு என்று இன்று நாம் பேசுகிறோம். நீதிமன்றங்களில் அந்தக் கோட்பாடு உறுதிப்பட்டு ஒன்றரை நூற்றாண்டுகூட ஆகவில்லை. 1882இல் அமெரிக்கா சீனத் தொழிலாளர்களின் வருகையைத் தடை செய்தது. ஏற்கெனவே அங்கு வாழ்ந்தவர்கள் ஊருக்குப் போய்த் திரும்பி வரலாம் என்று சான்றிதழ் வழங்கப்பட்டிருந்தது. சான் பிரான்சிஸ்கோவில் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்த சே சான் பிங் என்ற தொழிலாளி அப்படியொரு சான்றிதழுடன் சீனா சென்று திரும்பிக் கொண்டிருந்தபோது, 1888 அக்டோபரில் அச்சான்றிதழ்கள் அனைத்தும் செல்லாதவை என ஒரு புதிய சட்டம் வந்தது. அவர் அப்போது நடுக்கடலில் இருந்தார். அந்நியரை விலக்கும் அதிகாரம் இறையாண்மையிலேயே அடங்கியது, அரசு தான் கொடுத்த வாக்குறுதியைக்கூடத் திரும்பப் பெறலாம் என்று 1889இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்நியர் எவரும் பிரித்தானியப் பகுதிக்குள் நுழைவதை உரிமையாகக் கோர முடியாது என்று 1891இல், மெல்போர்ன் துறைமுகத்தில் தடுக்கப்பட்ட சீனப் பயணி ஒருவரின் வழக்கில், பிரித்தானியக் காலனிகளின் இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலும் கூறியது. இக்கோட்பாட்டின் தொட்டிலில் இனவெறுப்பும் சேர்ந்தே கிடந்தது என்பதை மறைத்துப் பேசுவது வரலாறாகாது.

இந்தியர்களும் இதற்கு இரையானவர்கள்தாம். பிறந்த நாட்டிலிருந்து இடைநில்லாமல் பயணம் செய்து வருவோருக்கே அனுமதி என்று 1908இல் கனடா ஒரு விதி செய்தது. இந்தியாவிலிருந்து அப்படி நேராக வரும் கப்பல் சேவையே இருக்கவில்லை என்பதால், இந்தியர் என்ற சொல்லை எழுதாமலே இந்தியரை விலக்க அவ்விதி போதுமானதாக இருந்தது. 1914இல் 376 பயணிகளுடன் வான்கூவர் சென்ற கோமகட்டா மாரு கப்பல் இரண்டு மாதம் துறைமுகத்தில் நிறுத்தப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டது. அது கல்கத்தாவை அடுத்த பட்ஜ் பட்ஜில் கரை சேர்ந்தபோது நடந்த துப்பாக்கிச் சூட்டில் பயணிகள் பலர் இறந்தனர்.

1946ஆம் ஆண்டு நம் நாடு இரண்டு வேலைகளை ஏறத்தாழ ஒரே சமயத்தில் செய்தது. தென்னாப்பிரிக்கா தன் மண்ணில் வாழ்ந்த இந்தியர்களின் நில உரிமையைப் பறித்தபோது, விஜயலட்சுமி பண்டிட் தலைமையிலான இந்தியக் குழு ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் வழக்காடியது. இது எங்கள் உள்நாட்டு விவகாரம் என்று தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸின் அரசு வாதிட்டது. அவ்வாதத்தை ஏற்காமல், அந்த ஆண்டு டிசம்பர் 8 அன்று பொதுச்சபை இந்தியாவின் பக்கம் நின்றது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, நவம்பரில்தான், வெளிநாட்டவர் சட்டம் டில்லியில் நிறைவேறியது. ஒருவர் வெளிநாட்டவரா இல்லையா என்று ஐயம் எழுந்தால், தாம் வெளிநாட்டவர் அல்ல என்று நிரூபிக்கும் சுமை அவர் தலையிலேயே வைக்கப்பட்டது. விடுதலைக்குப் பின்னும் அச்சட்டம் அப்படியே தொடர்ந்தது. வெளிநாட்டவரை வெளியேற்றும் அதிகாரம் கட்டுப்பாடற்றது என்று ஹான்ஸ் முல்லர் வழக்கில் 1955இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அச்சட்டத்தை வைத்தே. கடந்த ஆண்டுகளில் காலனியச் சட்டங்கள் பலவற்றை மாற்றிய தாங்கள் இதையும் 2025இல் மாற்றினீர்கள். நிரூபிக்கும் சுமை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இனி மலையகத் தமிழர் கதைக்கு வருகிறேன். காப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்குமாக அவர்களின் முன்னோர் தமிழ் மாவட்டங்களிலிருந்து இலங்கைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றது. அதற்கு அடுத்த ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம், அந்நாட்டில் பிறந்தவரே ஆனாலும் தந்தையும் அங்கே பிறந்தவர் என்றோ, பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்றோ காட்டச் சொன்னது. லயங்கள் எனப்படும் தோட்டத்து வரிசைக் குடியிருப்புகளில் பிறந்தவர்களிடம் அத்தகைய பதிவேடுகள் எங்கிருந்து வரும்? ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் நாடற்றவர் ஆயினர், வாக்குரிமையும் போயிற்று. தன் குடிமக்கள் யாவர் என்று தீர்மானிப்பது ஒரு நாட்டுச் சட்டமன்றத்தின் இயல்பான, முறையான பணி என்று 1953இல் பிரிவி கவுன்சில் அதற்கும் ஒப்புதல் அளித்தது.

அவர்கள் இலங்கையின் மக்களே, அவர்களை ஏற்கும் கடப்பாடு இந்தியாவுக்கு இல்லை என்பதே நேருவின் நிலை. அவர் மறைந்த சில மாதங்களில், 1964 அக்டோபர் 30 அன்று, லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அந்நிலையைத் தலைகீழாக்கியது. 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று முடிவாயிற்று. அந்த எச்சத்தை 1974இல் இந்திரா காந்தி காலத்தில் ஆளுக்கு 75,000 எனப் பங்கிட்டுக்கொண்டனர். சம்பந்தப்பட்ட மக்களின் சம்மதம் இரண்டு முறையும் கேட்கப்படவில்லை. அந்தப் பங்கீட்டை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் இறையாண்மை உள்ள ஓர் அரசு மற்றோர் இறையாண்மை உள்ள அரசுக்குக் கையெழுத்திட்டுக் கொடுத்த வாக்கு அது என்பதைத் தாங்கள் மறுக்க முடியாது.

மண்டபம் முகாமைத் தங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். தோட்டங்களுக்குச் செல்லும் கூலித் தொழிலாளரை நோய்ப் பரிசோதனைக்காகத் தடுத்து வைத்துக் கப்பலேற்றிய இடம் அது. ஒப்பந்தத்துக்குப் பிறகு, தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர்களில் பலரைத் தங்கவைத்து, கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் இன்னும் பல ஊர்களுக்கும் பிரித்து அனுப்பியதும் அங்கிருந்துதான். நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உருவானதே அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக. 1983 இனப்படுகொலைக்குப் பின் கப்பல் நின்று, மக்கள் படகுகளில் வந்திறங்கியபோது அதே இடம் அகதி முகாம் ஆயிற்று. 1977 கலவரத்தின்போது மலைநாட்டை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடிக் காடு திருத்தி வாழ்ந்த மலையகத் தமிழர்களும் அப்படகுகளில் இருந்தார்கள். கப்பலில் வந்திருந்தால் அவர்கள் தாயகம் திரும்பியோர். படகில் வந்ததால் அகதிகள்.

இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 2003ஆம் ஆண்டுத் திருத்தம் இவ்வேறுபாட்டை இறுக்கிவிட்டது. செல்லத்தக்க பயண ஆவணமின்றி வந்தவர் சட்டவிரோதக் குடியேறி என்றும், அவர் பதிவு மூலமோ இயல்புரிமை மூலமோ குடிமகனாக முடியாது என்றும் அது விதித்தது. 1987 ஜூலைக்கு முன் இந்தியாவில் பிறந்தவருக்குப் பிறப்பாலேயே குடியுரிமை உண்டு. அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பின் பிறந்தவர்களுக்கு, பெற்றோரில் ஒருவர் சட்டவிரோதக் குடியேறி என்றாலே கதவு அடைபட்டுவிடும். ஒரே குடும்பத்தில், ஒரே முகாமில் பிறந்த அண்ணன் இந்தியன், தம்பி அந்நியன் என்று ஆவதற்கு இத்தேதிகளே போதும்.

மாநில அரசு தன் அதிகாரத்துக்குள் செய்யக்கூடியதைச் செய்திருக்கிறது. 2021இல் 317.40 கோடி ரூபாய் நலத்திட்டம் அறிவித்து வீடுகளும் கட்டித் தருகிறது. குடியுரிமை மட்டும் ஒன்றிய அரசின் கையில். கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்களின் விண்ணப்பங்களைப் பரிசீலிக்குமாறு 2019இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதே ஆண்டு இறுதியில் தாங்கள் நிறைவேற்றிய குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகியவற்றிலிருந்து வந்த ஆறு சமயத்தாருக்கு வழிவிட்டது. இலங்கை அப்பட்டியலில் இல்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரைத் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கி 2025 செப்டம்பரில் ஓர் ஆணை வந்தது. அதை வரவேற்கிறேன். ஆயினும் அது சிறைக்கு அனுப்பாமல் இருப்பதற்கான ஆணையே அன்றிக் குடிமகனாக்கும் ஆணை அன்று. நிர்வாகம் நினைத்தால் நாளையே திருத்தக்கூடியது.

பாதுகாப்பு குறித்த அச்சத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. 1991இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு தமிழ்நாட்டில் அகதிகள் மீதான கண்காணிப்பு ஏன் கடுமையாயிற்று என்பதை அறிந்தே எழுதுகிறேன். ஆனால் முகாமில் பதிவாகி, தமிழ்நாடு காவல்துறையின் உளவுப் பிரிவான கியூ பிரிவின் கண்காணிப்பில் பல பத்தாண்டுகள் இருந்தவர்களைவிட அரசுக்கு நன்கு தெரிந்த மக்கள் இந்நாட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? அவர்களை ஏற்பதும் மறுப்பதும் இறையாண்மையின் செயல்களே. நாற்பதாண்டுகளாக இரண்டில் எதையும் செய்யாமல் இருப்பதை அப்படி அழைக்க இயலாது.

குறிப்பிட்ட மக்களுக்கெனத் தனிப் பிரிவு சேர்ப்பது தங்களுக்குப் புதிதன்று. வங்கதேசத்திலிருந்து அசாமுக்கு வந்தோர் பற்றிய அசாம் உடன்பாட்டுக்காக 1985இல் குடியுரிமைச் சட்டத்தில் 6ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. 1966 தொடக்கம் முதல் 1971 மார்ச் 24 வரை வந்தவர்கள் பதிவு செய்துகொண்டு பத்தாண்டுகளுக்குப் பின் முழுக் குடியுரிமை பெற அது வகை செய்தது. உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் அப்பிரிவு செல்லும் என்றது. மேலே சொன்ன 2019 திருத்தத்தால் 6பி வந்தது. 1964, 1974 ஒப்பந்தங்களின்படி விண்ணப்பித்தோருக்கும் விண்ணப்பிக்கத் தகுதி உடையோருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும், பயண ஆவணம் கேட்காமல், முகாம் பதிவையே சான்றாக ஏற்கும் 6சி பிரிவு ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை. விரும்பி இலங்கைக்குத் திரும்புவோருக்குக் கப்பல் வசதியும், மலையகத் தமிழரல்லாத ஈழத் தமிழருக்கு நீண்டகாலத் தங்கல் உரிமையும் அதே சட்டத்திலோ தனியாகவோ வரலாம்.

அதற்கு முன்னதாக, வரும் கூட்டத்தொடரில் தங்களில் எவரேனும் ஒருவர் உள்துறை அமைச்சகத்திடம் எழுத்து மூலம் இரு கேள்விகள் கேட்க வேண்டுகிறேன்: இம்முகாம்களில் இப்போது வாழும் மலையகத் தமிழர் எத்தனை பேர்? அவர்களில் அல்லது அவர்தம் பெற்றோரில், 1964 ஒப்பந்தத்தின் கீழ் இந்தியத் தூதரக அலுவலகங்களில் கொடுத்த விண்ணப்பம் இன்னும் முடிவு காணாமல் இருப்பவர்கள் எத்தனை பேர்?

இப்படிக்கு,
தமிழ்நாட்டு வாக்காளர் ஒருவர்