தம்பிக்கு அப்பா எழுதுவது

திருப்பாதிரிப்புலியூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நலம். அங்கே நீயும் மருமகளும் பாப்பாவும் நலமாக இருக்க பாடலீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நாலு ஞாயிறாக உன் போன் அடித்து அடித்து நின்றுவிடுகிறது. மறுநாள் "மீட்டிங்ல இருந்தேன்பா" என்று ஒரு வரி வருகிறது. ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் வேலை வாங்கினால் உடம்பு என்னத்துக்கு ஆகும்? காலையில் வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. ராத்திரி பத்து மணிக்குப் படுத்துவிடு.

போன பொங்கலுக்கு வந்தபோது டிவியில் சினிமா பார்க்க உன் நெட்ஃபிளிக்ஸ் கணக்கைப் போட்டுக் கொடுத்தாயே, அதில் 'தி ரயில்வே மென்' தொடரைப் பார்த்து முடித்தேன். 2023 நவம்பரில் வந்ததாம், எனக்கு இப்போதுதான் வாய்த்தது. மொத்தம் நாலு பாகம். ஒரே மூச்சில் பார்க்க முடியவில்லை. போபால் ஸ்டேஷன், 1984 டிசம்பர் 2 ராத்திரி. யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து விஷவாயு கசிந்து, தூங்கிக்கொண்டிருந்த ஜனங்களை அடித்துப் போட்ட ராத்திரி. நான் ஸ்டேஷன் மாஸ்டர் வேலைக்குச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. நீ குவார்ட்டர்ஸ் திண்ணையில் தவழ்ந்துகொண்டிருந்தாய்.

என்னைப் பார்க்கச் சொன்னதே இரண்டு பையன்கள். சாயங்காலம் நடக்கப் போகும்போது பிளாட்பாரத்துக் கோடியில் கேமராவோடு நிற்பார்கள். ஒருத்தன் இன்ஜினீயரிங் படிக்கிறான், இன்னொருத்தன் மஞ்சக்குப்பத்தில் அப்பா கடையைப் பார்க்கிறான். ரயில் பைத்தியம் என்று ஊரில் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2006-ல் நம் மீட்டர்கேஜை மூடி 2010-ல் அகலப் பாதையாகத் திறந்தார்களே, அப்போது இவர்கள் அரை டவுசர் போட்ட பிள்ளைகள். ஆனால் ஒற்றைப் பாதையில் வண்டி போக அனுமதியாகக் கொடுத்த டோக்கன் பந்து, அதை வைக்கும் வளையம், அதை ஓடும் எஞ்சினிலிருந்து கையில் வாங்குவது எல்லாம் கேட்டுக் கேட்டுத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். நீ அந்தப் பந்தை இரண்டு கையாலும் தூக்கி "ஐஸ் மாதிரி இருக்குப்பா" என்று சொன்னதை அவர்களிடம் சொன்னேன்.

முதல் பாகத்தை நம் வீட்டில்தான் பார்த்தார்கள். அம்மா சுண்டல் வைத்தாள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் நிறுத்திவிடுகிறார்கள். 1984-ல் பெட்டி செங்கல் சிவப்பாகத்தான் இருக்க வேண்டும், நீலம் தொண்ணூறுகளில்தான் வந்தது என்று ஒருத்தன் திரைக்குப் பக்கத்தில் போய் நிறத்தைப் பார்க்கிறான். இது பெரம்பூர் ஐசிஎஃப் பெட்டிதானா, இன்றைக்கு ஓடுகிற எல்எச்பி பெட்டி எங்கேயாவது தலைகாட்டுகிறதா என்று இன்னொருத்தன் ஜன்னல் எண்ணுகிறான். எஞ்சின் டபிள்யூடிஎம்-2 டீசல் என்றால் அமெரிக்க ஆல்கோ வகையின் அந்தத் தடதடப்பு காதில் விழ வேண்டும், 2600 குதிரைத்திறன் சும்மா இல்லை என்று வாதம். கதைக்குள்ளே ஒரு கொள்ளைக்காரனைக் கொண்டுவந்தார்களே, அதில்தான் பெரிய சண்டை. நடந்ததே இவ்வளவு பயங்கரம், அதற்குத் திருடன் எதற்கு என்று கடைக்காரப் பையன் கோபப்பட்டான். திருடன் இல்லாவிட்டால் நம்மைப் போன்றவர்கள் மட்டும்தான் பார்ப்பார்கள் என்றான் மற்றவன். நான் கடைக்காரப் பையன் பக்கம். மாதவன் வருகிறார், நன்றாகச் செய்திருக்கிறார், அதில் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் பிள்ளைகள் எஞ்சினைப் பார்த்தார்கள், நான் மேசையைப் பார்த்தேன். தொடரில் அந்த ஸ்டேஷனின் தொடர்பு அறுந்து கிடக்கும். போனை எடுத்தால் மறுபக்கம் சத்தமே இருக்காது. எனக்கு வயிற்றைப் பிசைந்துவிட்டது. வாயுவையும் கூட்டத்தையும்விட அந்தப் போன்தான்.

மூன்றாம் பாகம் பார்க்க உட்கார்ந்தது செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரைக்கு. வேறு ஒரு திரையில் ஓடிக்கொண்டிருக்கிறது, இங்கே பார்க்க முடியாது என்று டிவியில் எழுத்து வந்தது. புதன்கிழமையும் அதே நேரத்துக்கு அப்படியே. வியாழனும். மருமகள் பள்ளிக்கூடத்தில் வேலையாக இருப்பாள், பாப்பாவுக்கும் ஸ்கூல். சரி, யார் பார்க்கிறார்களோ அவர்கள் பார்த்து முடிக்கட்டும் என்று அணைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

1-ஆம் தேதி பணம் வந்தது. வழக்கத்தைவிட இரண்டாயிரம் கூட இருந்தது. எதற்குடா கூட? என் பென்ஷன் எங்கள் இரண்டு பேருக்கும் மிச்சம். அடுத்த மாதம் அனுப்ப வேண்டாம். கோபித்துக்கொள்ளாதே, வேண்டாம் என்றால் வேண்டாம். அக்கா மகளுக்குக் காதுகுத்து கார்த்திகையில். வர முடியாவிட்டால் பரவாயில்லை, தாய்மாமன் சீரை நான் பார்த்துக்கொள்கிறேன், அக்காவிடம் பேசிவிட்டேன். நீ ராத்திரி நேரத்தோடு படு.

அந்தக் கதைக்கு அடியில் நிஜமாகவே ஒருத்தர் இருந்தார் என்பது உனக்குத் தெரியுமோ தெரியாதோ. குலாம் தஸ்தகீர். போபாலில் டெபுடி ஸ்டேஷன் சூப்பிரண்டெண்ட். கோரக்பூரிலிருந்து பம்பாய் போகும் வண்டி பிளாட்பாரத்தில் நிற்கிறது. புறப்படும் நேரம் ஆகவில்லை. நேரத்துக்கு முன்னால் பயணிகள் வண்டியை விடக் கூடாது, அது எங்கள் பாலபாடம். மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் அவர் அந்த வண்டியைக் கிளப்பிவிட்டார். உள்ளே இருந்த ஜனம் பிழைத்தது. அவர் அதே ஸ்டேஷனில் நின்று வாயுவைக் குடித்தார். 2003-ல் இறந்துபோனார்.

இதைச் சொல்லி முடித்ததும் இன்ஜினீயரிங் பையன் கேட்டான்: "ஐயா, நீங்களும் 36 வருஷம் ஒரு சார்ஜ் ஷீட் இல்லாம வேலை பார்த்தவராச்சே, உங்களை உட்கார வெச்சு ஒரு வீடியோ எடுக்கட்டுமா?" சரி என்றேன். மறுநாள் வந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். "உங்க சர்வீஸ்ல நீங்க தப்பே பண்ணதில்லையா ஐயா?" என்று ஆரம்பித்தான். எனக்கு வாய் வரவில்லை. தலை சுற்றுகிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

தம்பி, இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். மேலே எழுதியதெல்லாம் சுற்றிச் சுற்றி வந்ததுதான்.

2025 ஜூலை 8 காலையில் நம் செம்மங்குப்பம் கேட்டில் பள்ளிக்கூட வேன்மேல் பாசஞ்சர் மோதி மூன்று பிள்ளைகள் போனார்களே, அன்றைக்கு நீ போனில் "என்னப்பா ஒண்ணுமே பேச மாட்டேங்கிறீங்க" என்று கேட்டாய். யார் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அது அன்றைக்கு இண்டர்லாக் இல்லாத கேட். அந்த மாதிரி கேட்டில் கேட் திறந்திருந்தாலும் வண்டி போகலாம் என்று சிக்னல் விழும். நடுவில் இருப்பது ஒரு போனும் ஒரு எண்ணும்தான். வண்டி விடுவதற்கு முன் ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டுக்குப் போன் போட வேண்டும். கேட்மேன் மூடிப் பூட்டிவிட்டு, அதற்கு அத்தாட்சியாகத் தன் தாளில் உள்ள பிரைவேட் நம்பரைச் சொல்வார். அதை நேரத்தோடு ரிஜிஸ்டரில் எழுதிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

1996 தை மாதம். எந்த ஸ்டேஷன் என்று வேண்டாம், உனக்கே தெரியும். நைட் டியூட்டி. வண்டி நாற்பது நிமிஷம் லேட். கண்ட்ரோல் ஆபீஸ் ஏன் இன்னும் விடவில்லை என்று விரட்டுகிறது. நான் கேட்டுக்குப் போன் போடவில்லை. மறந்துபோனேன் என்றுதான் இத்தனை வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. எப்போதும் மூடுகிற ஆள்தானே, மூடியிருப்பார் என்று விட்டேன். சிக்னல் இறக்கினேன். வண்டி போனது.

அன்றைக்கு அந்தக் கேட்டில் நெல்லிக்குப்பம் ஆலைக்குப் போகிற கரும்பு வண்டி ஒன்று தண்டவாளத்தின்மேல் ஏறிக்கொண்டிருந்தது. எஞ்சின் விசில் கேட்டுத்தான் கேட்மேன் ஓடியிருக்கிறார். மாட்டை அடித்து அந்தப் பக்கம் தள்ளி, ஒரு பக்கத்துக் கேட்டைச் சாத்துவதற்குள் வண்டி கடந்துவிட்டது. கரும்பில் நாலைந்து கழி கீழே விழுந்ததாம், அவ்வளவுதான். மாடு பிழைத்தது. வண்டிக்காரரும் அவர் மடியில் தூங்கிய பிள்ளையும் பிழைத்தார்கள். டிரைவர் கண்ணில் படவில்லையோ என்னவோ, அவர் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை.

கேட்மேன் போனில் வந்தார். மூச்சு வாங்கிக்கொண்டே "சார், எப்ப சார் வண்டி விட்டீங்க?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே "நாப்பத்தேழு எழுதிக்குங்க சார்" என்றார். எழுதினேன். 47. நேரத்தைப் பத்து நிமிஷம் முன்னால் போட்டேன். கை நடுங்கி நாலு கோணலாக விழுந்தது, அதன்மேல் இன்னொரு தரம் எழுதி நேராக்கினேன். காப்பாற்றியவர் அவர். அவர் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. சாவுக்குப் போனேன், அவர் சம்சாரத்திடமும் சொல்லவில்லை.

அதே வாரம்தான் நீ ஏழாவதில் அரையாண்டு மார்க்கை 38-லிருந்து 88 ஆக்கிக்கொண்டு வந்தாய்.

புளியங்குச்சியை எடுத்தேன். நான் அன்றைக்குச் சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய், நானும் மறக்கவில்லை. "ரிஜிஸ்டர்ல பொய் எழுதறவன் மனுஷனே இல்லடா" என்றேன். அம்மா குறுக்கே வந்தும் விடவில்லை. உன் முழங்காலில் அந்தத் தழும்பு இருக்கிறதா? உன்னை நான் அடிக்கவில்லை தம்பி. ரிஜிஸ்டரை மூடி வைத்துவிட்டு வந்த கை அது.

தாத்தா அரியலூர் கதை சொல்லும்போதெல்லாம் எனக்கு உள்ளே ஏதோ செய்யும். 1956-ல் வெள்ளத்தில் மருதையாற்றில் வண்டி கவிழ்ந்ததற்கு டெல்லியில் இருந்த ரயில்வே மந்திரி சாஸ்திரி பதவியை விட்டார். நான் 47 எழுதினேன். அப்புறம் ரிடையர் ஆகும் வரைக்கும், ஆன பிறகும், உன்னிடமும் அக்காவிடமும் மாப்பிள்ளையிடமும் "36 வருஷம், ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். உன் கல்யாணப் பந்தலில்கூட மைக்கில் சொன்னேன். அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கிற அப்பனிடம் வந்து ஒரு பிள்ளை தன் கஷ்டத்தை எப்படிச் சொல்லும்? அந்த வீடியோவுக்கு உட்கார்ந்த அன்றைக்குத்தான் இது எனக்கு உறைத்தது. அதற்குள் உனக்கு நாற்பது தாண்டிவிட்டது.

நீ நல்ல பிள்ளை. படித்து முடித்ததிலிருந்து ஒரு மாதம்கூட எங்களை விட்டதில்லை. அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு ராத்திரியோடு ராத்திரியாக வந்து நின்றாய். உன்னைப் பற்றி எனக்குப் பெருமைதான். அதை உன்னிடம் சொல்லாமல் ஊரிடம் சொன்னேன். ஆனால் பெற்றவர்கள் போன் அடிக்கும்போது எடுக்காமல் இருப்பது தப்புதான். அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். அம்மா ஒவ்வொரு ஞாயிறும் போனை மடியில் வைத்துக்கொண்டுதான் பூ கட்டுகிறாள்.

பிள்ளைகள் இன்னொன்று கேட்டார்கள். போன், பக்கத்து ஸ்டேஷனிடம் அனுமதி வாங்கும் பிளாக் இன்ஸ்ட்ருமென்ட் எல்லாமே செத்துப்போனால் ஒற்றைப் பாதையில் என்ன செய்வீர்கள் என்று. பதில் வராததை லைன் கிளியர், அதாவது பாதை காலி, வண்டியை விடலாம் என்று எடுத்துக்கொள்ளவே கூடாது என்றேன். ஒரு தனி எஞ்சினை, கையில் தாள் கொடுத்து, பக்கத்து ஸ்டேஷனோடு தொடர்பு திறந்து வர அனுப்புவோம். பகலில் மணிக்கு 15 கிலோமீட்டர், ராத்திரியில் 10. விசில் அடித்துக்கொண்டே ஊர்ந்து போகும். நம்மை நோக்கி எதிரே யாரும் வந்தாலும் வரலாம் என்று நினைத்துக்கொண்டே போகும். அந்தப் பையன்கள் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

இந்தக் கடிதத்தையும் அப்படித்தான் விடுகிறேன்.

புதுச்சேரியிலிருந்து தாதர் போகும் சாளுக்கியா எக்ஸ்பிரஸ் உங்கள் புனே வழியாகத்தான் போகிறது. இந்த வருஷத்து ரயில்வே இலவசப் பாஸ் ஒன்று எடுக்காமல் இருக்கிறது. வா என்று ஒரு வார்த்தை சொன்னால் அம்மாவையும் அழைத்துக்கொண்டு வந்துவிடுவேன். பாப்பாவை ஸ்கூலில் விட்டுக் கூட்டி வருவேன், வேறு எதையும் கேட்க மாட்டேன். இல்லை, நீங்கள் இங்கே வந்து இருப்பதானாலும் மாடி அறை காலியாகத்தான் கிடக்கிறது. எத்தனை மாதம் வேண்டுமானாலும். ஊரில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

47-ஐப் பற்றி அம்மாவுக்கு இன்னும் தெரியாது. உனக்குத்தான் முதலில்.

வெறும் வயிற்றில் காபி வேண்டாம்.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: நேற்று கைதவறி உன் பெயரில் உள்ளதைத் திறந்துவிட்டேன். அந்தத் தொடரின் நாலாம் பாகம் பாதியில் நிற்கிறது. அதை முடித்துவிடு. முடித்ததும் கூப்பிடு, எந்த நேரமானாலும் எடுப்பேன். நேரத்துக்கு முன்னால் வண்டியை விட்டது சரியா தப்பா என்று பேசலாம். அதை மட்டும் பேசினால் போதும்.