ஆசரிப்புக் கூடாரத்தின் மொழியையும் காத்தருள்க

வேல்ஸ் அரசின் தொன்மைச் சின்னப் பாதுகாப்புத் துறையான காடூவின் பொறுப்பாளர்களுக்கும், சுவான்சி நகர மன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். சுவான்சியின் மோரிஸ்டனில் குடியிருக்கும் தமிழன் ஒருவன் எழுதும் திறந்த மடல் இது. இதன் வேல்ஷ் வடிவம் உங்களுக்குத் தனியே வந்து சேரும். நான் முதலில் தமிழில் எழுதியதற்குக் காரணம் உண்டு. என் சொந்த ஊர் நாகர்கோவில். எங்கள் சபையை நிறுவிய லண்டன் மிஷனரி சங்கத்துக்குக் காணிக்கை அனுப்பியவர்களுள் தங்கள் சபையைத் தாங்களே நடத்திக்கொண்ட, வேல்ஷ் மொழி பேசிய சுயாதீனச் சபையாரும் உண்டு. அந்தச் சபையாரின் மிகப் பெரிய சேப்பல் என்னும் ஆராதனைக் கூடமான டபர்னாக்கிலை, அதாவது எங்கள் வேதாகமம் ‘ஆசரிப்புக் கூடாரம்’ என்று சொல்லும் பெயர் கொண்ட அந்தக் கட்டடத்தை, நான் நாள்தோறும் கடந்து போகிறேன்.

இந்த ஊரின் தோற்றத்திலேயே சபையின் கை இருக்கிறது. செப்பு உருக்காலை முதலாளி ஜான் மோரிஸ் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தம் தொழிலாளர்களுக்காக ஓர் ஊர் அமைக்க எண்ணியபோது, தெருக்களை வரைந்து கொடுத்தவர் வில்லியம் எட்வர்ட்ஸ். அவர் சுயாதீனச் சபைப் போதகர். கட்டிய பாலம் இடிந்து விழுந்தும் விடாது முயன்று, 1756இல் பாண்டிப்ரித்தில் ஒற்றை வளைவுப் பாலத்தை நிலைநிறுத்திய கைத்தொழிலாளர். ஆங்கிலத்தில் மோரிஸ்டன் என்றும் வேல்ஷில் ட்ரெவோரிஸ் என்றும் முதலாளியின் பெயரைத் தாங்கியிருந்தாலும், இவ்வூர் பேசியதும் பாடியதும் தொழிலாளரின் மொழியில்தான்.

அந்தத் தொழிலாளருக்குச் சேப்பல் என்னவாக இருந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். 1867 வரை நகரத் தொழிலாளரில் பெரும்பாலோருக்கு நாடாளுமன்ற வாக்குரிமை கிடையாது. நீதிமன்றத்தின் மொழியும் அவர்களுடையது அன்று. ஆனால் சுயாதீனச் சபையில் போதகரை அழைப்பதும், உதவிக்காரரைத் தேர்வதும், கணக்கை ஏற்பதும் மறுப்பதும் சபையாரின் வாக்கினால் நடந்தன. வாரம் முழுவதும் தகரத் தகட்டு ஆலையின் அனலில் நின்ற ஒருவர், ஞாயிறன்று பிரசங்க பீடத்தின் அடியில் ‘செட் வௌர்’ என்ற பெரிய இருக்கையில் உதவிக்காரராக அமர முடிந்தது. ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளோடு பெரியவர்களும் 1588இல் வெளிவந்த வேல்ஷ் வேதாகமத்தை எழுத்துக்கூட்டி வாசித்தார்கள்; பின்னர் சுரங்களை எழுத்துகளால் குறிக்கும் டோனிக் சோல்ஃபா முறையில் நான்கு குரல்களில் பாடவும் கற்றார்கள். 1859இல் அபர்டேர் என்ற மற்றொரு தொழில் நகரில் யூவன் க்வில்ட் தொடங்கிவைத்த கூட்டுப் பாடல் விழா, ‘கிமான்வா கானி’ என்ற பெயரில் தெற்கு வேல்ஸின் சேப்பல்தோறும் பரவியது. அரசு நடத்திய பள்ளி எதுவும் அந்த மொழிக்கு அன்று இவ்வளவு செய்ததில்லை. செய்யாதது மட்டுமன்று, வேல்ஷ் அறியாத மூவரைக் கொண்டு அரசு 1847இல் வெளியிட்ட கல்வி அறிக்கை, மக்களின் பின்தங்கிய நிலைக்கு அவர்களது மொழியையும், அரசுத் திருச்சபைக்கு இணங்காத சபைகளையும் காரணமாகக் காட்டியது. நீல அட்டையில் வந்த அதனை இன்றும் ‘நீலப் புத்தகங்களின் துரோகம்’ என்றே வேல்ஷ் மக்கள் அழைக்கிறார்கள். நான்கே ஆண்டுகள் கழித்து எடுக்கப்பட்ட சமயக் கணக்கெடுப்பில், வேல்ஸில் ஆராதனைக்குச் சென்றோரில் ஏறத்தாழ ஐவரில் நால்வர் அந்த இணங்காத சபைகளில்தான் இருந்தார்கள்.

டபர்னாக்கில் எழுந்தது அந்தத் தன்னம்பிக்கையின் உச்சத்தில். போதகர் எம்லின் ஜோன்ஸ், தச்சராகத் தொடங்கிக் கட்டடக் கலைஞராக உயர்ந்த ஜான் ஹம்ப்ரி, கட்டடம் எழுப்பிய டேனியல் எட்வர்ட்ஸ் ஆகிய மூவரும் இங்கிலாந்தின் பல ஊர்களுக்குச் சென்று சேப்பல்களைப் பார்த்து வந்து இதை அமைத்தார்கள். 1872இல் முடிந்த வேலைக்கு 15,000 பவுண்டுக்குக் குறையாமல் செலவாயிற்று. கொரிந்தியத் தூண்களும் வளைவுகளும் கொண்ட முகப்பும், எளிமையைப் பெருமையாகக் கருதிய சபையார் வழக்கமாகத் தவிர்த்துவந்த உயர்ந்த கூர்கோபுரமும் இதில் உண்டு. ஆலைப் புகைபோக்கிகள் நிறைந்த பள்ளத்தாக்கில் தங்கள் ஆராதனை வீடும் உயர்ந்து தெரிய வேண்டும் என்று அவர்கள் விரும்பியிருப்பார்கள் என்றே நான் எண்ணுகிறேன்.

பாதுகாக்க வேண்டிய கட்டடங்களின் பட்டியலில் நீங்கள் இதை முதல் தரத்தில் வைத்திருக்கிறீர்கள். வேல்ஸில் பட்டியலிடப்பட்ட ஏறத்தாழ 30,000 கட்டடங்களில் இந்தத் தகுதி மிகச் சிலவற்றுக்கே உண்டு. அதற்காக நன்றி சொல்கிறேன். ஆனால் பட்டியல் காப்பது கல்லையும், சுவரோடு பிணைந்த மரத்தையும் மட்டுமே. சபைக் கூட்டக் குறிப்பேடுகள், ஓய்வுநாள் பள்ளிப் பதிவுகள், பாட்டுப் புத்தகங்கள் ஆகியவற்றுக்கு அது பொருந்தாது. இந்நாட்டில் 6,400க்கும் மேற்பட்ட சேப்பல்கள் பதிவாகியுள்ளன. அவற்றில் எத்தனையோ இன்று வீடுகளாகவும் கிடங்குகளாகவும் மாறிவிட்டன. அத்தகைய மாற்றத்தின்போது ‘அடைலாட்விட்’, அதாவது ‘கட்டப்பட்டது’ என்று பொறித்த முகப்புக் கல் தப்பினாலும், உள்ளே யார் எந்த மொழியில் என்ன செய்தார்கள் என்பதற்கான சான்று குப்பை வண்டியில் போய்விடக்கூடும்.

1911இல் ஏறத்தாழ 9,77,000 பேர் பேசிய வேல்ஷ் மொழியை 2021இல் பேசியவர்கள் 5,38,000 பேர். 2050க்குள் பத்து லட்சம் பேரைப் பேசவைப்பது உங்கள் அரசின் இலக்கு. அந்த இலக்கை ஒரு துறையும் சேப்பல்களை மற்றொரு துறையும் தனித்தனியே பார்ப்பது எனக்கு விளங்கவில்லை.

ஆகவே மூன்று காரியங்களை வேண்டுகிறேன். சபை கலையும் நிலையிலுள்ள எந்த வேல்ஷ் சேப்பலும் கைமாறுவதற்கு முன், அதன் ஏடுகள் மாவட்ட ஆவணக் காப்பகத்துக்கோ அபெரிஸ்ட்வித் தேசிய நூலகத்துக்கோ சென்று சேர்ந்ததை உறுதிசெய்யுங்கள். மறுபயன்பாட்டுக்கு நிதி அளிக்கும்போது வேல்ஷ் வகுப்புக்கும் பாடலுக்கும் வாரத்தில் சில மணி நேரமேனும் அந்தக் கூடம் திறந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். அந்தக் கூடங்களில் பாடி வளர்ந்த முதியவர்களின் நினைவுகளை அவர்கள் மொழியிலேயே ஒலிப்பதிவு செய்ய ஆள் அமர்த்துங்கள். இம்மூன்றில் கடைசியானதே மிக அவசரமானது. அதற்கு நான் என் ஓய்வு நாட்களைத் தரவும், இன்னும் தட்டுத்தடுமாறிப் பேசும் என் வேல்ஷுடன் ஒலிப்பதிவுக் கருவியைச் சுமந்து வரவும் ஆயத்தமாக இருக்கிறேன். உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
மோரிஸ்டன்வாசி ஒருவன்