சாலைப் புழுதியை எடைபோட உதவியவர்களுக்கு நன்றி

ஆடிக்காற்று கிளம்பிவிட்டால் சாலையில் கிடக்கும் புழுதி அளவுக்கு நிற்காது. அதற்கு முன்பே நெல்லைப் பக்கம் கங்கைகொண்டான், தாழையூத்து, பேட்டை லாரித் தடங்களில் அள்ளி எடைபோட முடிந்தது உங்களால்தான்.

டிரைவர் அண்ணாச்சிமாருக்கு முதல் நன்றி. சாலையின் குறுக்கே ஒரு மீட்டர் அகலத்துக்குக் கோடு போட்டு, அதற்குள் கிடப்பதை மட்டும் வேக்குவமால் உறிஞ்ச வேண்டும். பாதியில் ஒரு டாரஸ் லாரி ஏறினால் அந்த மாதிரி வீண். வண்டியை ஓரங்கட்டிப் பொறுமையாக நின்றீர்கள்.

தூய்மைப் பணியாளர் அக்காமார் சொன்னது பெரிய உதவி: நடுத்தடத்தை டயர்க்காற்றே துடைத்துவிடும், மண்ணெல்லாம் மீடியன் (நடுத்தடுப்பு) ஓரத்தில்தான். ஆகவே ஓரத்திலிருந்து ஓரம்வரை முழு அகலமும் எடுத்தோம். ஓரிடத்தில் மட்டும் அள்ளினால் கணக்கு பொய்யாகும்.

ஆய்வகத்தைத் திறந்துவிட்ட கல்லூரிக்கும் நன்றி. மண்ணை 110 டிகிரி அடுப்பில் இரவு முழுக்க உலர்த்தாவிட்டால் கட்டிபிடித்துச் சல்லடையிலேயே தங்கிவிடும். 200 எண் சல்லடையில், அதாவது 75 மைக்ரான் கண்ணில், பத்துப் பத்து நிமிடமாகச் சலித்து, அடுத்தடுத்த இரண்டு அடித்தட்டு எடைகளின் வித்தியாசம் 3 சதவீதத்துக்குக் கீழே வந்ததும் நிறுத்தலாம். இறங்கிய நுண்மண்ணின் எடையைப் பரப்பால் வகுத்தால் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று கிடைக்கும்.

வண்டிகள் கிளப்பும் தூசியைக் கணக்கிடும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் சமன்பாட்டில் இதை 0.91 அடுக்குக்கும், வண்டிகளின் சராசரி எடையை 1.02 அடுக்குக்கும் உயர்த்தி, இரண்டையும் ஒன்றோடொன்று பெருக்கி, வந்ததை 0.62-ஆல் பெருக்க வேண்டும். 10 கிராம், 15 டன் என்றால் ஒரு வண்டி ஒரு கிலோமீட்டருக்குக் கிளப்பும் பிஎம்10, அதாவது 10 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள நுண்தூசி, சுமார் 80 கிராம். அங்கே டன் என்பது 907 கிலோ. நம் மெட்ரிக் டன்னை அப்படியே போட்டால் விடை குறைந்துபோகும்.

புழுதி கனத்துக் கிடந்தது கிரஷர் யார்டு கேட்டுக்கு வெளியேதான். வாசல்வரை கான்கிரீட் போட்டு, டயர் கழுவும் தொட்டி கட்டி, எம்சாண்டை லாரியின் பக்கப்பலகைக்குக் கீழேயே நிறுத்தித் தார்ப்பாய் மூட ஒத்துக்கொண்ட கிரஷர் முதலாளிகளுக்குத் தனி நன்றி. டேங்கரில் தெளிக்கும் தண்ணீர் மட்டும் போதாது, வெயிலில் சீக்கிரம் காயும்; காய்வதற்குள் சகதியை டயர் இழுத்துப் போய்விடும். தொட்டியில் அள்ளிய சகதியைச் சாலையோரத்திலேயே கொட்டிய புண்ணியவானுக்கு மட்டும் நன்றி கிடையாது!

ஐப்பசி, கார்த்திகை மழை கழுவிய சாலையை இப்போதைய அளவோடு ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். அடுத்த கோடையில் அதே கோட்டில்தான் மறுபடி அளக்கப்போகிறோம். பெயிண்ட் குறிகளை அதுவரை அழிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.