கலப்பு வேறு, கலப்படம் வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு பதிப்பில் மதுப்பழக்கம் குறித்து வந்த கட்டுரையின் நோக்கத்தோடு எனக்குப் பிணக்கில்லை. பல விஸ்கிகளைக் கலந்து செய்யும் ஸ்காட்லந்து விஸ்கியான 'பிளெண்டட் ஸ்காட்ச்' என்பதை 'கலப்பட விஸ்கி' என்று எழுதியிருப்பதுதான் உறுத்துகிறது. அந்த ஒரு சொல்லால் ஜானி வாக்கரும் மலிவுச் சம்சுச் சாராயமும் ஒரே பந்தியில் உட்கார்ந்துவிட்டன. மல்லி, மிளகாய், சீரகம், மஞ்சளை அளவாகச் சேர்த்து அரைத்தால் அது கறித்தூள். அதில் செங்கல் பொடி விழுந்தால்தான் கலப்படம்.

ஜானி வாக்கர் பிறந்ததே ஒரு மளிகைக்கடையில். ஜான் வாக்கர் 1820ஆம் ஆண்டு, ஸ்காட்லந்தின் கில்மார்னக் ஊரில் கடை திறந்தார். அக்காலத்தில் ஒரே வடிசாலையில் வடித்த விஸ்கிகூடப் பீப்பாய்க்குப் பீப்பாய் வேறு வேறு சுவையில் இருக்கும். பல தோட்டத்துத் தேயிலையைக் கலந்து எப்போதும் ஒரே சுவையில் விற்பது மளிகைக்காரருக்குக் கைவந்த வேலை. விஸ்கிக்கும் அதே கணக்குத்தான். 1857இல் ஜான் இறந்தபின் மகன் அலெக்சாண்டர் தொழிலைப் பெருக்கினார். அவருக்குக் கைகொடுத்தது 1860ஆம் ஆண்டுச் சட்டம். வரி கட்டுவதற்கு முன்பே, கிடங்கிலேயே மால்ட் விஸ்கியையும் தானிய விஸ்கியையும் கலக்கலாம் என்று அது அனுமதித்தது. 1867இல் அவர் தம் கலவையைப் பதிவு செய்தார். சதுரப் போத்தல் அவர் காலத்தது: பெட்டியில் இடம் மிச்சம், கப்பலில் உடைவதும் குறைவு. சாய்த்து ஒட்டிய லேபிளின் கோணம் 24 பாகை. அதன் சின்னமான, கைத்தடியோடு நடக்கும் மனிதரை டாம் பிரவுன் என்ற ஓவியர் 1908இல் வரைந்தார். 'ரெட் லேபிள்', 'பிளாக் லேபிள்' என்பவை 1909இல் வந்த பெயர்கள்.

எதோடு எதைக் கலக்கிறார்கள் என்பதைத்தான் கட்டுரை விட்டுவிட்டது. மால்ட் விஸ்கிக்கு முளைகட்டிய பார்லி மட்டுமே. செப்புக் கொப்பரையில் பொதுவாக இரண்டு முறை வடிப்பார்கள். மணமும் கனமும் அதில் தங்கும். தானிய விஸ்கிக்குக் கோதுமை அல்லது சோளம். ஏனியஸ் காஃபி 1830இல் காப்புரிமை பெற்ற தூண் வடிகலன் நிறுத்தாமல் ஓடும், 94.8 விழுக்காட்டுச் செறிவுக்குள் மெல்லிய, இனிப்பான சாராயத்தைத் தரும். பெரும்பாலான கலவைகளில் தானிய விஸ்கிதான் அதிகம். அதை 'மலிவு நிரப்பி' என்று ஒதுக்குவோர் உண்டு. எனக்கு அது சோறு; மால்ட் குழம்பு. சோறில்லாமல் குழம்பை எவ்வளவு நேரம் நக்குவது?

பிளாக் லேபிளில் வரும் புகை மணத்துக்குக் காரணம் பீட் எனும், செடிகொடி மக்கிப் படிந்த மண். நம் செம்பனைத் தோட்டங்களில் தானா கம்புட் என்கிறோமே, அதே இனம். அங்கே அதைக் கட்டிகளாக வெட்டிக் காயவைத்து எரித்து, அந்தப் புகையில் முளைகட்டிய பார்லியை உலர்த்துவார்கள். புகை மால்ட் கை தவறி ஏறிவிட்டால் மற்ற எதையும் எழவிடாது. கறியில் பெருங்காயம் கூடிப்போன கதைதான். ஒரு வடிசாலை மூடப்பட்டாலோ சரக்கு தீர்ந்தாலோ வேறு வடிசாலைகளின் சரக்கை வைத்து அதே சுவையைக் கட்ட வேண்டும். கலவைக்காரரின் திறமை அங்கேதான் தெரியும். அவர் குடித்துப் பார்ப்பதைவிட முகர்ந்து பார்ப்பதே அதிகம். அதுவும் தண்ணீர் சேர்த்துச் சுமார் 20 விழுக்காட்டுச் செறிவுக்கு இறக்கிய பிறகு; அதற்கு மேல் இருந்தால் சாராய நெடி மூக்கை மரக்கச் செய்துவிடும்.

சட்டமும் தளர்வானதல்ல. 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் பீப்பாயில், ஸ்காட்லந்திலேயே, குறைந்தது 3 ஆண்டு முதிர வேண்டும். போத்தலில் சாராயச் செறிவு 40 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. தண்ணீரும் நிறத்துக்கான வெறும் கேரமலும் தவிர வேறெதுவும் சேர்க்கக் கூடாது. '12 ஆண்டு' என்றால் சராசரி அல்ல. உள்ளே இருப்பதில் ஆக இளையதற்கே 12 வயது. ரெட் லேபிளில் வயது போடுவதில்லை. ஆண்டுக்குச் சுமார் 2 விழுக்காடு ஆவியாகும் என்பதால், 200 லிட்டர் பீப்பாயில் 12 ஆண்டு கழித்து ஏறக்குறைய 157 லிட்டர்தான் மிஞ்சும். விலை ஏறுவதில் அதற்கும் பங்குண்டு.

இரண்டு தவறான நம்பிக்கைகளையும் சொல்லிவிடுகிறேன். மகள் கல்யாணத்துக்கென்று கண்ணாடி அலமாரியில் 20 ஆண்டு வைத்தாலும் 12 வயது விஸ்கி 12 வயதுதான். முதிர்வது மரத்தில், கண்ணாடியில் அல்ல. தகரக் கூரைச் சூட்டில் மூடி தளர்ந்து அளவு இறங்கும். போத்தலைப் படுக்கவைத்தால் தக்கை கெடும். நிற்கவைத்து, வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். அடுத்தது நிறம்: கறுத்திருந்தால் பழையது என்பதற்கில்லை, கேரமலாகவும் இருக்கலாம்.

இனி உண்மையான கலப்படம். தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால் என்ற நச்சுச் சாராயத்தைச் சேர்த்த போலி மதுவால் 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் பலர் இறந்தார்கள். எழுத வேண்டியது இதைத்தான். விருந்து முடிந்த மண்டபத்துக் காலிப் போத்தல்கள் போலிச் சரக்குக்கு வீடாகும். ஆகவே லேபிளைக் கிழித்து, போத்தலை உடைத்துப் போடுவது நல்லது. வாங்கும்போது மூடியின் முத்திரை முறிந்திருக்கிறதா, சுங்க வரி முத்திரை இருக்கிறதா, லேபிள் எழுத்து மங்கியிருக்கிறதா, நிரம்பிய மட்டம் மற்ற போத்தல்களோடு ஒத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'ஸ்காட்ச்' என்ற சொல் இல்லாமல் 'விஸ்கி சுவை' என்றிருந்தால் அது வேறு சரக்கு.

மெத்தனாலை நாக்கோ மூக்கோ பிரித்தறியாது. உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறித்தான் கண்ணைத் தாக்குகிறது. அதற்கு 12 முதல் 24 மணி நேரம் பிடிக்கும். கூடவே சாராயமும் குடித்திருந்தால் இன்னும் தாமதமாகும். அதனால் மறுநாள் வரும் தலைவலி, வாந்தி, வயிற்றுவலியைப் 'போதை இறங்கவில்லை' என்று நினைத்துத் தூங்கவைத்துவிடுகிறார்கள். பார்வை மங்கினால், கண்முன் வெள்ளைப் படலம் தெரிந்தால், மூச்சு வாங்கினால் மோரும் எலுமிச்சையும் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நேரத்தோடு போனால் நச்சுமுறி மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் உயிரையும் பார்வையையும் காக்கலாம். மிச்சமிருக்கும் போத்தலையும் கையோடு எடுத்துப் போங்கள். அதே போத்தலில் குடித்த மற்றவர்களையும், நன்றாக இருப்பதாகச் சொன்னாலும், கூட்டிப் போங்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்.