சராசரி போடும் முன் சர்க்யூட்டைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் மைக்ரோகன்ட்ரோலர் (ஒரே சிப்பில் அடங்கிய சிறு கணினி) பற்றி வந்துகொண்டிருக்கும் தொடர் மிகவும் தேவையான ஒன்று. ஆனால், சென்சார் ரீடிங் தாறுமாறாகக் குதித்தால் பத்து ரீடிங் எடுத்துச் சராசரி போடலாம் என்று அதில் சொல்லியிருப்பதை அப்படியே விட்டுவிட முடியவில்லை. கோளாறு எங்கே இருக்கிறது என்று தெரியும் முன்பே அதை மூடிவிடுகிற வழி அது.

சரியான மதிப்புக்கு மேலும் கீழுமாக ஆடும் இரைச்சலைத்தான் சராசரி அடக்கும். பிரெட்போர்டு (சாலிடர் இல்லாமல் வயரைச் செருகும் பலகை) சர்க்யூட்டுகளில் வரும் தொல்லையோ பெரும்பாலும் ஒரே பக்கமாக இழுக்கும். கட்டுரையில் வந்த அமைப்பையே எடுத்துக்கொள்வோம்: ஆர்டுயினோ ஊனோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, எல்எம்35 வெப்பநிலை சென்சார், ஒரு சிறிய மோட்டார் விசிறி. எல்எம்35 ஒரு டிகிரி செல்சியஸுக்கு 10 மில்லிவோல்ட் தரும். 30 டிகிரியில் 300 மில்லிவோல்ட். ஊனோ அதைத் தன் 5 வோல்ட் சப்ளையோடு ஒப்பிட்டு, 0 முதல் 1023 வரை ஓர் எண்ணாகச் சொல்லும். இங்கே 61. விசிறி ஓடத் தொடங்கி சப்ளை 4.6 வோல்ட்டுக்கு இறங்கினால், அதே 300 மில்லிவோல்ட்டுக்கு 66 வரும். புரோகிராம் இன்னும் 5 வோல்ட் என்றே கணக்குப் போடுவதால் 32 டிகிரி என்று காட்டும். அறை துளியும் சூடாகவில்லை. நூறு ரீடிங்கைச் சராசரி எடுத்தாலும் அதே 32தான் கிடைக்கும். ஆடாத எண்ணாக இருப்பதால் அதை யாரும் சந்தேகிக்கவும் மாட்டார்கள்.

இதைக் கண்டுபிடிக்கத் தனிக் கருவி வேண்டாம். சென்சாரின் சிக்னல் வயரைக் கழற்றிவிட்டு, ஊனோவில் உள்ள 3.3 வோல்ட் பின்னை ஏ0 என்ற அனலாக் பின்னோடு இணைத்து ரீடிங்கைப் பாருங்கள். சப்ளை இவ்வளவு சரிந்தாலும் இந்த 3.3 வோல்ட் பெரிதாக மாறாது. சப்ளை 5 வோல்ட் இருந்தால் 675-ஐ ஒட்டி வரும். விசிறி ஓடும்போது 730 பக்கம் ஏறினால் சப்ளை 4.6 வோல்ட்டுக்குச் சரிகிறது என்று பொருள். மோட்டார் கிளம்பும் கணத்தில் வரும் சரிவைச் சாதாரண மல்டிமீட்டர் தவறவிடும். அடுத்தடுத்து ரீடிங் எடுத்துக்கொண்டே இருந்தால் இந்தச் சோதனையில் அது தெரிந்துவிடும்.

5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் (0 வோல்ட் முனை) நடுவே இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைத் தொடராக வைத்து நடுப்புள்ளியை அளப்பதும் நல்ல சோதனைதான். 512-ஐ ஒட்டி வர வேண்டும். ஓரிரு எண் ஆடினால் பரவாயில்லை. வயரைத் தொட்டதும் குதித்தால் எங்கோ தொடர்பு தளர்ந்திருக்கிறது. ஆனால் சப்ளை சரிவதை இது காட்டாது. சப்ளையோடு நடுப்புள்ளியும் சேர்ந்தே இறங்குவதால் எண் மாறாமல் நிற்கும்.

சப்ளைதான் குற்றவாளி என்றால் விசிறிக்குத் தனி சப்ளை கொடுங்கள். இரண்டு சப்ளைகளின் கிரவுண்டும் ஓரிடத்தில் சேர்ந்திருக்க வேண்டும். எல்எம்35-க்கு 5 வோல்ட்டை நம்பாமல், சிப்புக்குள்ளேயே இருக்கும் 1.1 வோல்ட் ரெஃபரன்ஸை (ஒப்பிடப் பயன்படும் வோல்டேஜ்) புரோகிராமில் தேர்ந்தெடுப்பது இன்னும் நல்லது. ஒரு படி அரை டிகிரியாக இருந்தது, ஏறக்குறைய 0.1 டிகிரியாகக் குறையும். அந்த 1.1 வோல்ட் சிப்புக்குச் சிப் 1.0 முதல் 1.2 வரை மாறக்கூடும் என்பதால், ஊனோவில் அந்த ரெஃபரன்ஸ் வெளியே தெரியும் ஏரெஃப் (AREF) பின்னில் மல்டிமீட்டரை வைத்து அளந்து அந்த எண்ணையே கணக்கில் போட வேண்டும். அந்தப் பின்னுக்கு வெளியிலிருந்து வோல்டேஜ் எதுவும் கொடுக்கக் கூடாது.

கட்டுரைப் படத்தில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது கிரவுண்ட் இணைப்பு. மோட்டாரும் சென்சாரும் பிரெட்போர்டின் ஒரே நீலக் கோட்டில் செருகப்பட்டு, அங்கிருந்து ஒரே ஜம்பர் வயர் போர்டுக்குப் போகிறது. அந்த வழியில் 0.1 ஓம் தடை இருந்து, மோட்டாரின் அரை ஆம்பியர் அதில் பாய்ந்தால் 50 மில்லிவோல்ட் எழுந்து சென்சாரின் சிக்னலோடு சேர்ந்துவிடும். எல்எம்35-ல் அது 5 டிகிரி!

தடை அதிகமுள்ள சென்சார்களின் கதை வேறு. ஊனோவின் அனலாக் பின்னுக்கு 10 கிலோ ஓமுக்குள் தடை உள்ள சிக்னல் மூலம்தான் பொருந்தும். 100 கிலோ ஓம் தெர்மிஸ்டர் (வெப்பத்துக்கேற்பத் தடை மாறும் சென்சார்) போன்றவற்றுக்குப் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் வையுங்கள். ஒரு பின்னிலிருந்து இன்னொரு பின்னுக்கு மாறியதும் வரும் முதல் ரீடிங்கைத் தள்ளிவிடுங்கள்.

டிஜிட்டல் சென்சாரில் சராசரி இன்னும் மோசம். டிஎஸ்18பி20 என்ற டிஜிட்டல் வெப்பநிலை சென்சாரில் மைனஸ் 127 வந்தால் சென்சாரோடு தொடர்பே இல்லை என்று அதைப் படிக்கும் லைப்ரரி (ஆயத்த புரோகிராம்) சொல்கிறது. டேட்டா வயரையும் அந்த வயரைச் சப்ளையோடு இணைக்கும் 4.7 கிலோ ஓம் புல்-அப் ரெசிஸ்டரையும் பாருங்கள். 85 என்பது சென்சார் உயிர் பெற்றதும் வைத்திருக்கும் தொடக்க எண். அளந்து முடிக்கத் தேவையான 750 மில்லிசெகண்ட் கொடுக்கவில்லை, அல்லது நடுவில் சப்ளை போய் வந்திருக்கிறது. ஒன்பது முறை 30-ம் ஒரு முறை மைனஸ் 127-ம் வந்தால் சராசரி 14.3. அதைப் பார்த்து யாரால் பழுதைக் கண்டுபிடிக்க முடியும்?

அடுத்த பகுதியில் அந்தப் படத்தைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மோட்டாரின் கிரவுண்ட் நேராக அதன் சப்ளைக்கும், சென்சாரின் கிரவுண்ட் தனி வயரில் நேராக போர்டுக்கும் போகட்டும். மோட்டாரின் இரு முனைகளுக்கும் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றும் இருக்கட்டும். பிள்ளைகள் விளக்கத்தைப் படிப்பதற்கு முன்பே படத்தைப் பார்த்து வயரைச் செருகிவிடுவார்கள்.

இப்படிக்கு,
மின்னணுவியல் பயிற்றுநர் ஒருவர்