கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுங்கள்: வீட்டுத் தரகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வீட்டுத் தரகர்களுக்கும் வாடகை நிறுவனங்களில் பணிபுரியும் அன்பர்களுக்கும்,

வணக்கம். வீடு தேடுகிறவன் படும் பாட்டை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதைத் தினமும் பக்கத்தில் நின்று பார்ப்பவர்களே நீங்கள்தான். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். வீடு இன்னும் காலியாக இருக்கிறதா, வாடகையும் முன்பணமும் முடிவாக எவ்வளவு, உரிமையாளர் யாருக்கெல்லாம் தரமாட்டார்? இவற்றை நாங்கள் கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுங்கள். கேட்பது அவ்வளவுதான்.

போன சனிக்கிழமை பார்த்தது எங்களுக்கு 12ஆவது வீடு. விளம்பரப் படத்தில் கூடம் விளையாட்டுத் திடல் மாதிரி இருந்தது. நேரில் பார்த்தால், நாலாவது ஆள் உள்ளே வர ஒருவர் வெளியே போக வேண்டும். பரவாயில்லை, பழகிவிட்டது. அந்தப் படத்தை எடுத்த கேமராவால் என் சம்பளத்தையும் ஒரு படம் எடுத்துக் கொடுத்தால் நன்றாயிருக்கும்.

என் மகளுக்கு 7 வயது. எந்த வீட்டுக்குப் போனாலும் தன் படிக்கும் மேசைக்கு ஒரு மூலையைத் தேடிப் பிடித்து, அளவு நாடாவை எடுத்துவிடுவாள். அன்றும் எடுத்தாள். காட்ட வந்த தரகர் நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு உதவி வேறு செய்தார். ஜன்னலோரம் மேசை கச்சிதமாகப் பொருந்தியது. அரை மணி நேரம் கழித்து உரிமையாளரிடம் போனில் பேசிவிட்டு வந்தவர், "சார், குழந்தை இருக்கிறவங்களுக்கு ஓனர் தரமாட்டாராம்" என்றார். மூன்று நாள் முன்பே நிரப்பிக் கொடுத்த படிவத்தில் மகளின் வயதோடு எல்லாம் இருந்ததே, படிக்கவில்லையா என்று கேட்டேன். "படிச்சேன் சார். எதுக்கும் ஒரு தடவை பாத்துடட்டுமேன்னு..." என்று இழுத்தார்.

"நான் சத்தமே போடலையேப்பா" என்றாள் மகள். நாடாவைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். அதற்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களில் யாராவது தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

படிவத்தைப் படித்தும் கண்டுகொள்ளாத அந்தத் தரகர், என் வங்கிக் கணக்கு விவரத்தை மட்டும் வரி விடாமல் படித்திருந்தார். மாதாமாதம் ஒரே தேதியில் ஒரு சிறு தொகை போகிறதே, அது யாருக்கு என்று கேட்டார். வேறு ஏதாவது குடும்பம் உண்டா என்று சந்தேகம் போலும். தூர தேசத்தில் ஒரு பெண் பிள்ளையைப் படிக்க வைக்கிறோம், ஒரு தொண்டு நிறுவனம் வழியாக ஸ்பான்சர் செய்கிறோம் என்றேன். "அத நிறுத்திட்டீங்கன்னா அடுத்த வீட்டுக்கு உங்க விண்ணப்பம் இன்னும் ஸ்ட்ராங்கா இருக்கும் சார்" என்று யோசனை சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார் என்று நம்ப முயல்கிறேன்.

அந்தச் சிறு தொகைக்கு எங்களுக்கு என்ன கிடைக்கிறது தெரியுமா? வருடம் ஒருமுறை அறிக்கை வரும். பிள்ளை எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறாள், எந்த வகுப்பு, எந்தப் பாடத்தில் பின்தங்குகிறாள், எல்லாம் இருக்கும். கணக்கில் மோசம் என்றால் மோசம் என்றே எழுதுவார்கள். ஒரு சமயம் அவள் குடும்பம் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்துவிட்டது. நாங்கள் கேட்கும் முன்பே கடிதம் வந்தது: "போன இடத்தை விசாரித்துக்கொண்டிருக்கிறோம். அதுவரை உங்கள் பணத்தை என்ன செய்யலாம், சொல்லுங்கள்." அப்புறம் அவள் கைப்பட எழுதும் கடிதங்கள். முதலில் வெறும் படங்களாக வந்தன. பிறகு கோணல் எழுத்தில் பெயர், இப்போது முழுப் பக்கம். அது வரும் நாளில் எங்கள் வீட்டில் வேறு வேலை நடக்காது. மொழிபெயர்ப்பை என் மனைவி இரண்டு தடவை வாசிக்க வேண்டும்.

உங்களிடம் கட்டணமும் கட்டி, "போன் பண்றோம்" என்ற உறுதியும் வாங்கிக்கொண்டு வந்தேனே, 11 வீடுகளில் ஒன்றுக்காவது போன் வந்ததா?

ஸ்பான்சர் உலகம் மட்டும் யோக்கியமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். 1998இல் சிகாகோ நாளிதழ் ஒன்றின் நிருபர்கள் தாங்களே ஸ்பான்சராகிப் பணம் கட்டி, பிறகு அந்தக் குழந்தைகளைத் தேடிக்கொண்டு நேரில் போனார்கள். இறந்துபோன பிள்ளையின் பெயரிலும் பணம் வாங்கியிருந்தது தெரிய வந்தது. பெரிய அவமானம். ஆனால் அதை அவமானம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். உங்கள் தொழிலிலோ, எப்போதோ ஆள் குடிவந்துவிட்ட வீட்டின் விளம்பரம் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கிறது. விசாரித்தால், "அது போயிடுச்சு சார், இன்னொண்ணு இருக்கு, கொஞ்சம் வாடகை கூட" என்கிறீர்கள். தூண்டிலில் புழு மாட்டுகிறவர்கூட மீனிடம் இவ்வளவு சாதாரணமாகப் பேசமாட்டார்.

இன்னொன்றும் படித்தேன். ஒரு பெரிய ஸ்பான்சர் திட்டத்தைப் பற்றிப் பொருளியலாளர்கள் 6 நாடுகளில், 10,000க்கும் மேற்பட்டவர்களிடம் ஆய்வு செய்திருக்கிறார்கள். ஸ்பான்சர் கிடைத்த பிள்ளைகள் ஏறக்குறைய 1 முதல் 1.5 ஆண்டு வரை கூடுதலாகப் பள்ளிக்குப் போயிருக்கிறார்கள். வளர்ந்தபின் அவர்கள் குடியிருக்கும் வீட்டின் தரமும் மேம்பட்டிருந்ததாம். இந்த வேகத்தில் போனால் எங்களுக்கு முன் அந்தப் பெண்ணுக்கு நல்ல வீடு கிடைத்துவிடும். கிடைக்கட்டும், சந்தோஷம்தான்.

1989இல் ஐ.நா. நிறைவேற்றிய குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 27ஆவது பிரிவில், உணவு உடையோடு உறைவிடமும் இருக்கிறது. அரசாங்கங்கள் கையெழுத்துப் போட்ட விஷயம். உங்களைக் கட்டாது, தெரியும். ஆனாலும், மூலையில் நாடா பிடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளையைப் பார்த்து "குழந்தை என்றால் ஒத்துவராது" என்று சொல்லத்தான் வேண்டுமென்றால், அதை விளம்பரத்திலேயே எழுதிவிடலாமே? படிக்க எங்களுக்கும் கசக்கும்தான். ஆனால் அரை நாள் மிச்சமாகும், பிள்ளையும் அங்கே வந்து நின்று அதைக் கேட்க வேண்டியிருக்காது.

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் நெருக்கடி உண்டு. ஒரே வீட்டுக்கு முப்பது பேர் வருவார்கள், உரிமையாளர் கடைசி நிமிடத்தில் மனம் மாறுவார். அதெல்லாம் புரிகிறது. நான் வாடகையைக் குறைக்கச் சொல்லவில்லை. காலியா இல்லையா, கடைசி வாடகை எவ்வளவு, யாருக்கு இல்லை, இதை முன்கூட்டியே சொல்லுங்கள் என்றுதான் தயவோடு கேட்கிறேன்.

போன வாரம் அந்தப் பெண்ணிடமிருந்து கடிதம் வந்தது. "உங்கள் புது வீட்டில் எத்தனை ஜன்னல்?" என்று கேட்டிருக்கிறாள். புது வீட்டைப் படம் வரைந்து அனுப்புவதாக என் மகள் எப்போதோ வாக்குக் கொடுத்துவிட்டாளாம். தாளை எடுத்து வைத்திருக்கிறாள், இன்னும் வரையவில்லை.

வரும் சனிக்கிழமை இரண்டு வீடுகள் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஒரு போன் செய்து விவரம் சொல்லுங்கள். இல்லை என்றாலும் பரவாயில்லை, இல்லை என்றே சொல்லுங்கள். அளவு நாடா ஏற்கெனவே பைக்குள் போய்விட்டது.

இப்படிக்கு,
உங்கள் பட்டியலில் எங்கோ இருக்கும் ஒரு விண்ணப்பதாரர்